அச்சும் பதிப்பும்: யோஷிதா ஹிரோஷியின் மரக்கட்டை ஓவியங்களை முன்வைத்து

கலைக்களஞ்சியங்களிலும் அருங்காட்சியகப் பட்டியல்களிலும் ஓர் ஓவியரை அறிமுகப்படுத்தும் முதல் தொடர் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டதாக இருக்கும். நாடு, தொழில், காலம், பெற்றுக்கொண்ட தாக்கம் ஆகிய நான்கும் அதனுள் அடங்கிவிடும். யோஷிதா ஹிரோஷி (1876–1950) பற்றிய தொடரும் அத்தகையதே. அவர் ஜப்பானியர், ஓவியர், மேலைக் கலையின் தாக்கம் பெற்றவர். இம்மூன்றையும் தமிழாக்குவதில் இடர்ப்பாடு ஏதுமில்லை. ஆனால் 'ஓவியர்' என்பதை அடுத்து ஆங்கிலத்தில் வரும் 'பிரின்ட்மேக்கர்' என்னும் சொல்லில் மொழிபெயர்ப்பாளரின் எழுதுகோல் நின்றுவிடுகிறது. தயங்காது கடந்து செல்வோர் உளர். அவ்வாறு கடந்தவர்களுள் யானும் ஒருவன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்வது முறை.

சில ஆண்டுகளுக்கு முன் மும்பைத் தமிழ்ச் சங்கம் ஒன்றின் ஆண்டு மலருக்காக, இவ்வோவியரின் இந்தியக் காட்சிகளைப் பற்றிய சிறு குறிப்பொன்றை ஆங்கிலத்திலிருந்து பெயர்த்துத் தர நேர்ந்தது. 'ஜப்பானிய ஓவியரும் அச்சிடுநரும்' என்று எழுதிக் கொடுத்தேன். மாதுங்காவில் ஒரு மாலைப்பொழுதில் மெய்ப்புத் திருத்த அமர்ந்தபோது, தாராவியில் நெடுங்காலம் சிற்றச்சகம் நடத்தி ஓய்வு பெற்ற திருநெல்வேலிப் பெரியவர் ஒருவர் அவ்வரியைப் படித்துவிட்டுச் சிரித்தார். "அப்படின்னா நானும் ஓவியர் சாதிதான் போலிருக்கு, சார்" என்றார். பிறகு சற்று நேரம் கழித்து அவர் சொன்னதே இக்கட்டுரைக்கு வித்து. "அச்சுன்னா நூறு தாளும் ஒண்ணு போல இருக்கணும். ஒண்ணுக்கொண்ணு மாறிச்சுன்னா அது எங்க தப்பு, பில்லுல பிடிச்சுக்கிடுவாங்க."

அவர் கூறியது அச்சுத் தொழிலின் அறம். யோஷிதாவின் கலையோ, ஒரே கட்டையிலிருந்து ஒன்றுக்கொன்று மாறிய படங்களை வேண்டுமென்றே எடுப்பதில் தங்கியிருக்கிறது. முதல்வர் செய்வதையும் பின்னவர் செய்வதையும் 'அச்சு' என்னும் ஒரு சொல்லால் நாம் குறித்து வருகிறோம். இது வெறும் கலைச்சொல் பற்றாக்குறை அன்று. சொல் இல்லாமையால் அவ்வோவியங்களை எவ்வாறு காண வேண்டும் என்பதே நமக்குத் தப்பிவிடுகிறது.

'அச்சு' என்னும் சொல்

'அச்சு' தமிழில் புழக்கம் மிகுந்த சொல். தேருக்கும் வண்டிக்கும் உரிய அச்சு ஒருபுறம் இருக்க, தறியில் இழைகளை ஒழுங்குபடுத்துவதும் அச்சு. வெல்லம் வார்ப்பதும் அச்சு. முறுக்குப் பிழிவதும் சுடுவதும் அச்சு. நாணயத்திற்கும் எழுத்துக்கும் அச்சு. பின்னவை அனைத்திலும் ஊடாடும் பொருள் ஒன்றே: வடிவம் மாறாது திரும்பத் திரும்ப வருதல். 'அச்சு அசலாக அப்பாவைப் போலவே இருக்கிறான்' என்னும் வழக்கில் இப்பொருள் உச்சம் பெறுகிறது. 'அசல்' அரபு வழி வந்த சொல். அதனோடு தமிழ் 'அச்சு' கைகோத்துக்கொண்டு, படியும் மூலமும் வேறுபாடின்றி நிற்பதைக் குறிக்கிறது. ஆகவே 'அச்சுப் படம்' என்றவுடன் தமிழ்க் காது கேட்பது 'வேறெங்கோ ஒரு மூலம் உண்டு. இது அதன் படி' என்பதையே.

இக்கேட்புக்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. அது மும்பையிலேயே கிடைக்கிறது. இரவிவர்மா 1894இல் கிர்காவில் நிறுவிய வண்ண அச்சகத்திலிருந்து வெளிவந்த கலைமகளும் திருமகளும் தமிழர் வீடுகளின் பூசை அறைகளை நிறைத்தனர். தைல வண்ணத்தில் ஓவியர் தீட்டிய மூலம் ஒன்று. அதனைக் கல்லில் வண்ணம் வண்ணமாகப் பிரித்து, ஜெர்மானியத் தொழில்நுட்பரின் துணையுடன் எடுத்த படிகள் பல. பின்னர் அவ்வச்சகம் லோனாவ்ளாவை அடுத்த மளவ்லிக்குச் சென்று, பிரிட்ஸ் ஷ்லைகர் என்னும் ஜெர்மானியரின் கைக்கு மாறியது. மாதுங்காவிலும் செம்பூரிலும் கோயிலை ஒட்டிய கடைகளில் சட்டமிட்டு விற்கப்படும் தெய்வப் படங்கள் இன்றும் அம்மரபின் வழித்தோன்றல்களே. மேலைக் கலையைக் கற்ற இந்திய ஓவியர், அச்சு ஆகிய இரண்டையும் சேர்த்து எண்ணும்போது நம் நினைவுக்கு வருவது இந்த உறவுதான்: ஓவியம் முன்னது, அச்சு பின்னது, அச்சு ஓவியத்தின் ஏவலாள்.

யோஷிதாவிடம் இவ்வுறவு தலைகீழாகிறது. அவருக்கும் நீர்வண்ண ஓவியம் உண்டு, தைல ஓவியம் உண்டு. எனினும் கட்டையிலிருந்து எடுத்த படத்திற்கு மேலாக 'மூலம்' என்று சுட்டத்தக்க வேறொன்று எங்கும் தொங்கவில்லை. பயணத்தில் வரைந்த குறிப்போவியம் மூலம் ஆகாது. செதுக்கிய கட்டையும் மூலம் ஆகாது. தாளில் ஒற்றப்பட்டு நிற்பதே படைப்பு. இரவிவர்மாவின் அச்சுப் படத்தைக் குறிக்கும் சொல்லாலேயே இதனையும் குறிப்பது பாடலையும் அப்பாடலின் ஒலிப்பதிவையும் ஒன்றெனக் கொள்வது போன்றது.

ஜப்பானியருக்கும் சொல் தேவைப்பட்டது

கட்டையில் செதுக்கிப் படம் எடுப்பதில் பல நூற்றாண்டுப் பயிற்சியுடைய ஜப்பானியரிடம் இதற்குத் தொன்மையான சொல் இருக்கும் என்று நாம் கருதக்கூடும். உண்மை வேறு. எதோ காலத்து உகியோ-எ படங்களை உருவாக்கியவர் ஒருவர் அல்லர். வரைந்தவர் ஒருவர், செதுக்கியவர் ஒருவர், தாளில் ஒற்றியவர் மற்றொருவர், முதலிட்டு, இன்னது வேண்டும் என்று வரையறுத்து, விற்றவர் பதிப்பாளர். ஹிரோஷிகே, ஹொகுசாய் என்று நாம் சொல்வதெல்லாம் இந்நால்வர் கூட்டில் முதலாமவரின் பெயர். இக்கூட்டு முழுவதும் செய்ததை ஒரு தனிக் கலையாக நிறுத்திப் பெயர் சூட்ட வேண்டிய தேவை அன்று எழவில்லை.

தேவை எழுந்தது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். யமமோத்தோ கனாயெ 1904இல் மீனவர் ஒருவரின் உருவைத் தாமே வரைந்து, தாமே செதுக்கி, 'ம்யோஜோ' இதழில் வெளியிட்டபோது, அதனைப் பழைய பெயர்களால் அழைக்க இயலவில்லை. 'கத்தி ஓவியம்' என்று பொருள்படும் ஒரு பெயரால் இஷிய் ஹகுத்தெய் அதனைச் சுட்டினார். அது நிலைக்கவில்லை. 1907இல் தோன்றிய 'ஹோசுன்' இதழைச் சூழ்ந்தவர்களிடையே வேரூன்றிய 'ஹங்கா' என்னும் சொல்லே நிலைத்தது. 'ஹன்' என்றால் கட்டை அல்லது தகடு. 'கா' என்றால் ஓவியம். பதிப்பு, வெளியீடு ஆகிய பொருள்களில் வரும் கூட்டுச்சொற்களிலும் இதே 'ஹன்' இடம்பெறுகிறது என்பதை மொழியியலார் நினைவில் கொள்க. அது பின்னர் நமக்குப் பயன்படும். மரபு நெடியது, சொல்லோ நேற்றையது. சொல்லாக்கத்திற்குக் காலம் கடந்துவிட்டது என்று தயங்கும் தமிழ் மொழிபெயர்ப்பாளர்க்கு இது சிறு ஆறுதல்.

'தாக்கம்' யாருடையது?

யோஷிதா ஃபுக்குவோக்கா மாவட்டத்தின் குருமே நகரில் பிறந்தவர். கியோத்தோவிலும் தோக்கியோவிலும் மேலைமுறை ஓவியம் பயின்றார். 1899இல், இருபத்து மூன்றாம் வயதில், நண்பர் நகாகவா ஹச்சிரோவுடன் அமெரிக்கா சென்றார். தெத்ராய்த் கலைக் காட்சியகத்தில் நடந்த கண்காட்சியில் அவர்களுடைய நீர்வண்ண ஓவியங்கள் நன்கு விற்றன. மேலைநாட்டார் விரும்பி வாங்கியவை மூடுபனியும் மரங்களும் சிற்றூர்த் தெருக்களுமாகிய ஜப்பானியக் காட்சிகளே. அவை தீட்டப்பட்ட முறையோ மேலைநாட்டது. விமரிசகர்கள் எளிதாக எழுதிவிடும் 'மேலைத் தாக்கம்' என்னும் தொடர் இவ்விடத்திலேயே ஆட்டம் காண்கிறது.

'தாக்கம்' என்பதில் தாக்குபவர் ஒருவர், தாக்குண்பவர் ஒருவர். வான்கோ 1887இல் ஹிரோஷிகேயின் கட்டை ஓவியங்களைப் பார்த்துத் தைல வண்ணத்தில் படி எடுத்தார். பாரிசு ஓவியர்கள் ஜப்பானியரிடம் கற்ற தட்டையான வண்ணப் பரப்பும், சட்டத்தில் அறுபட்டு நிற்கும் உருவமும் மேலைக் கலையின் புதுமையாகி, ஜப்பானிய மாணவர்க்கே மீண்டும் பாடமாயின. இதில் யார் யாரைத் தாக்கினர்? நம் ஊர்களில் இரு குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதைக் 'கொள்வினை கொடுப்பினை' என்பர். கலை வரலாற்றில் நேர்ந்திருப்பதற்கு அச்சொல்லே பொருத்தமாகப் படுகிறது. இக்கொள்வினையில் தமிழகத்திற்கும் பங்கு உண்டு: சோழமண்டலக் கரையிலிருந்து போன கோடுபோட்ட பருத்தித் துணிக்கு எதோ காலத்து ஜப்பானியர் இட்ட பெயர் 'சாந்தோமே'. போர்த்துகீசியர் வழியாகச் சென்ற நம் மயிலாப்பூர்ச் சாந்தோமே அது.

யோஷிதா கட்டை ஓவியத்திற்கு வந்தது நாற்பது வயதைக் கடந்த பின்னர். பதிப்பாளர் வதனாபே ஷோசபுரோவுக்காக 1920இல் தொடங்கிச் சில படங்கள் வரைந்தார். 1923 செப்டம்பரில் தோக்கியோவை அழித்த நிலநடுக்கத்தில் வதனாபேயின் கட்டைகளும் படங்களும் எரிந்தன. அதே ஆண்டின் இறுதியில் மனைவி ஃபுஜியோவுடன் மீண்டும் அமெரிக்கா சென்றவர், அங்கே தம் தைல ஓவியங்களைவிடக் கட்டை ஓவியங்களுக்கே வரவேற்பு மிகுதி என்பதைக் கண்டார். நாடு திரும்பியதும் 1925இல் தமக்கென ஒரு பட்டறை அமைத்தார். செதுக்குவோரையும் ஒற்றுவோரையும் சம்பளத்திற்கு அமர்த்தி, பதிப்பாளர் பொறுப்பையும் தாமே ஏற்றார். மேலைநாட்டிலிருந்து அவர் கொணர்ந்தவற்றுள் முதன்மையானது ஒளியும் நிழலும் அன்று என்பது என் கருத்து. ஒரு படைப்புக்கு ஒருவரே பொறுப்பு என்னும் எண்ணமே அவர் கொணர்ந்தவற்றுள் பெரிது.

ஓரத்தில் ஒரு முத்திரை

அவருடைய படங்களின் ஓரத்தை மொழிபெயர்ப்பாளர் ஊன்றிக் காணவேண்டும். கீழ்ப்புற வெற்றிடத்தில் பென்சிலால் ஆங்கிலத்தில் தலைப்பும், ஆங்கில எழுத்தில் கையொப்பமும் பெரும்பாலும் இருக்கும். இடப்புற ஓரத்தில் ஜப்பானிய எழுத்தில் தலைப்பு இருக்கும். அதனோடு சிறு முத்திரை ஒன்றும் இருக்கும். அம்முத்திரையின் வாசகம் 'ஜிஸுரி'. 'ஜி' என்றால் தான். 'ஸுரி' என்றால் ஒற்றுதல், அச்சிடுதல். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'தானே அச்சிட்டது' என்றாகும்.

அவ்வாறு பெயர்த்தால் அது பொய்யாகிவிடும். தாளைக் கட்டையில் வைத்துத் தேய்த்தவர் பெரும்பாலும் அவருடைய பட்டறைத் தொழிலாளர். முத்திரை சொல்வது, 'என் கண்காணிப்பில் எடுக்கப்பட்டது. இதற்கு யான் பொறுப்பு' என்பதே. அவர் 1950இல் மறைந்த பின்னர் அதே கட்டைகளிலிருந்து எடுக்கப்பட்ட படங்களில் அம்முத்திரை இல்லை. கட்டை அதுவே, வடிவம் அதுவே. ஆயினும் சேகரிப்பாளரும் அருங்காட்சியகத்தாரும் அவற்றை வேறாகவே கருதுகின்றனர். 'அச்சு அசல்' என்னும் நம் வழக்கால் இவ்வேறுபாட்டைச் சொல்லவே முடியாது.

ஈண்டுதான் தமிழின் மற்றொரு சொல் கைகொடுக்கிறது. 'உ. வே. சா. பதிப்பு' என்று நாம் சொல்கிறோம். 1887இல் சீவகசிந்தாமணி வெளிவந்தபோது எழுத்துக் கோத்தவர் வேறு. பொறியை இயக்கியவர் வேறு. நூலை இயற்றியவர் திருத்தக்கதேவர். எனினும் அது உ. வே. சா. பதிப்பே. அதே ஆண்டு வெளிவந்த கலித்தொகை சி. வை. தாமோதரம் பிள்ளை பதிப்பே. கையால் தொடாத ஒன்றிற்கு முழுப் பொறுப்பேற்பதைக் குறிக்க 'பதிப்பு' என்னும் சொல்லைத் தமிழ் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஆண்டு வருகிறது. பதித்தல் என்பதற்கு அழுந்தச் செய்தல் என்னும் அடிப்பொருளும் உண்டு. காலடி மண்ணில் பதிவதும், முத்திரை அரக்கில் பதிவதும் அதுவே. ஜப்பானிய 'ஹன்' தாங்கும் இருபொருளும் தமிழ்ப் 'பதிப்'பில் அப்படியே அமைந்து கிடக்கின்றன.

ஆகவே 'அச்சிடுநர்', 'அச்சுக் கலைஞர்' ஆகியவற்றைவிடப் 'பதிப்போவியர்' என்பதே ஏற்புடையது என்று கொள்கிறேன். இச்சொல் யான் ஆக்கியது அன்று; ஓவிய உலகில் சிலர் ஏற்கெனவே ஆண்டு வருவதுதான். ஆனால் அதனை ஏன் கொள்ளவேண்டும் என்பதற்கான காரணம் சொல்லப்படாமையால், 'அச்சோவியர்', 'வரைகலைஞர்', 'செதுக்கோவியர்' என்று ஒரே நூலுக்குள்ளேயே மாறி மாறி வரக் காண்கிறோம். 'செதுக்கோவியர்' செதுக்குதலை மட்டும் சுட்டி, அமிலம் கொண்டு அரிக்கும் செப்புத்தகட்டையும் மழமழப்பான கல்லையும் வெளியே தள்ளிவிடும். 'வரைகலை' இன்று கணிப்பொறித் திரைக்குக் குடிபெயர்ந்துவிட்டது. 'பதிப்பு' என்று கொண்டால் துணைச்சொற்களும் தாமே வந்து சேர்கின்றன. முத்திரை இல்லாத, அவர் மறைவிற்குப் பிற்பட்ட படங்கள் 'மறுபதிப்பு', வதனாபே 'பதிப்பாளர்', இரவிவர்மாவின் தெய்வப் படங்கள் முன்போலவே 'அச்சுப் படங்கள்'. இதற்கு ஒரு மறுப்பு உண்டு. பதிப்போவியர், பதிப்பாளர் என்னும் இரண்டும் ஒலியால் நெருங்கி மயக்கம் தரலாம். மயக்கம் உண்மைதான், ஆனால் 1925க்குப் பின் யோஷிதா இரண்டுமாகவே இருந்தார்.

ஒரு கட்டை, பல வேளைகள்

சொல்லைத் திருத்தியபின் படங்களுக்குத் திரும்புவோம். 1926இல் வெளியான 'பாய்மரப் படகுகள்' வரிசையில் ஒரே காட்சி ஆறு வேளைகளில் வருகிறது: காலை, முற்பகல், பிற்பகல், மூடுபனி, மாலை, இரவு. படகுகள் அசையவில்லை, கோடுகள் மாறவில்லை, பூசிய வண்ணம் மட்டுமே மாறியிருக்கிறது. மோனே ரூவான் தேவாலய முகப்பை வேளைதோறும் தீட்டியபோது ஒவ்வொரு முறையும் புதுத் துணியில் தொடங்க வேண்டியிருந்தது. யோஷிதாவுக்குக் கட்டையே நிலைக்களன். ஏட்டுச்சுவடிகளில் பாடவேறுபாடு என்பது எழுதினோர் கைத்தவறால் நேர்வது. பதிப்பாசிரியர் அதனை நீக்க முயல்வார். இங்கே வேறுபாடுகள் அனைத்தும் ஆசிரியருடையவை, ஒன்றும் நீக்கத்தக்கதன்று. தாராவிப் பெரியவர் பில்லில் பிடித்தம் செய்வார்கள் என்று அஞ்சியதே இங்கே கலையாகிறது.

இதன் பின்னுள்ள உழைப்பையும் ஒரு சொல்லில் கடந்துவிடக் கூடாது. நீரில் கரைத்த வண்ணத்தைத் தூரிகையால் கட்டையில் பூசி, ஈரப்படுத்திய தாளை அதன்மேல் இட்டு, மூங்கில் மடலால் பொதிந்த 'பரென்' என்னும் வட்டத் தேய்ப்பானால் முதுகில் தேய்க்க வேண்டும். வண்ணத்திற்கு வண்ணம் மீண்டும் இதுவே. 1937இல் எடுத்த நிக்கோ யோமெய் வாயில் படத்திற்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட ஒற்றுகள் தேவைப்பட்டன. (இலக்கணம் அறிந்தோர் 'ஒற்று' என்றதும் மெய்யெழுத்தை எண்ணுவர், ஆயினும் ஒற்றி எடுத்தலுக்கு அதைவிட நல்ல சொல் எனக்குப் புலப்படவில்லை.) ஒவ்வொரு முறையும் தாள் அதே இடத்தில் பொருந்துவதற்காகக் கட்டையின் மூலையில் வெட்டும் குறிக்குக் 'கென்தோ' என்று பெயர். நம் அச்சகத்தார் 'ரிஜிஸ்டர்' என்பது இதனையே. ஜப்பானியப் பேச்சுவழக்கில் 'கென்தோ' என்பதற்கு உத்தேசம், ஊகம் என்றும் பொருள்; 'கென்தோ கிடைக்கவில்லை' என்றால் ஒன்றும் பிடிபடவில்லை என்பதாம். எது எதிலிருந்து வந்தது என்பது தனி ஆய்வுக்குரியது.

யோஷிதா 1930இன் இறுதியில் மகன் தோஷியுடன் இந்தியப் பயணம் மேற்கொண்டார். அதன் விளைவாக 1931, 1932ஆம் ஆண்டுகளில் இந்தியாவும் தென்கிழக்கு ஆசியாவும் பற்றிய முப்பதுக்கும் மேற்பட்ட படங்கள் வெளிவந்தன. காசி, அஜந்தா, சாஞ்சி, உதய்ப்பூர், காஞ்சன்ஜங்கா என்று அவ்வரிசை நீள்கிறது. மதுரைக் கோயிலும் அதில் உண்டு. என் மதிப்பீட்டில் இவற்றுள் தலைசிறந்தவை தாஜ்மகால் படங்களே. வெண்பளிங்கு தனக்கென வண்ணம் அற்றது. வேளைக்கேற்ப வாங்கிக்கொள்ளும் இயல்புடையது. வண்ணத்தைப் படிப்படியாகக் கரைக்கும் 'பொகாஷி' முறைக்கு அதைவிட இசைவான பொருள் கிடைத்தல் அரிது. ஆறு படங்களை அவர் அதற்கே ஒதுக்கினார். மதுரைக்கு அப்பேறு வாய்க்கவில்லை. வேளைகளைப் பிடிக்கும் கலைஞர் ஒருவர், திருவனந்தல் முதல் பள்ளியறை வரை ஒரு நாளையே வேளைகளாகப் பகுத்து வைத்திருக்கும் கோயிலுக்கு வந்து, ஒரு வேளையோடு திரும்பிவிட்டார். தமிழ் வாசகன் என்ற முறையில் எனக்கு இது பெருங்குறை. பொதுவாகவே அவருடைய இந்தியப் படங்களில் கட்டடமும் மலையும் பெறும் கவனத்தை மாந்தர் பெறுவதில்லை. தலைப்பாகையும் சேலையும் வண்ணத் திட்டுகளாக நின்றுவிடுகின்றன.

மதுரைப் படத்தில் மொழிபெயர்ப்பாளர்க்கு மற்றொரு கண்ணி இருக்கிறது. அதன் ஆங்கிலத் தலைப்பில் ஊரின் பெயர் அன்றைய ஆட்சியாளர் எழுதிய வண்ணம் 'மதுரா' என்றே உள்ளது. ஆங்கில வழியாகப் பெயர்ப்போர் அதனை வடமதுரை எனக் கொள்ளவும், ஜாவாவை அடுத்த மதுரா தீவு எனக் கொள்ளவும் இடமுண்டு. வரிசையில் தென்கிழக்கு ஆசியாவும் இருப்பதால் பின்னதற்கு வாய்ப்பு மிகுதி. ஓவியரின் பெயரிலேயே இத்தகைய சிக்கல் ஒன்று உண்டு. ஆங்கில எழுத்தைப் பார்த்து 'யோஷிடா' என்று எழுதுகிறோம். ஜப்பானிய ஒலி நாமடி அன்று, பல்லொலி. தமிழ்த் தகரமே அதற்கு அண்மையது. ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போனதால், நம்மிடம் இருக்கும் ஒலியை விட்டு இல்லாத ஒலியைக் கடன் வாங்கினோம்.

அம்மலரின் மெய்ப்பில் 'அச்சிடுநர்' என்பதை அடித்துவிட்டுப் 'பதிப்போவியர்' என்று எழுதினேன். 'மதுரா'வை 'மதுரை' ஆக்கினேன். 'ஜிஸுரி'க்கு 'தம் பொறுப்பில் பதித்தது' என்று ஒரு சிறு விளக்கம் சேர்த்தேன். பெரியவர் அவ்வரியை மட்டும் இருமுறை படித்தார். "பொறுப்பு அவருது, சரி. தேய்ச்சவன் பேரு எங்கயாவது இருக்கா, சார்?" என்று கேட்டார். படத்தின் நாற்புற ஓரத்தையும் தேடிப் பார்த்தோம், அப்படத்தில் இல்லை.